கடைசித் தொட்டியின் மீன்கள்

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வந்தால் மூக்கைப் பொத்தாமல் யாரும் நிற்க மாட்டார்கள். நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பேன். கழிவுநீர் சுத்திகரிப்பு ஆப்பரேட்டர் என்று என் அடையாள அட்டையில் போட்டிருக்கும். ஊருக்குள் முகத்துக்கு நேராக 'ஆஸ்பத்திரியில இருக்கறாருங்க' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'சாக்கடைக்காரர்'. கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவில், பொள்ளாச்சி பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நடந்ததை அதன் தலையில் கட்ட நான் இதை எழுதவில்லை. கட்ட வேண்டிய தலை என்னுடையது.

எங்களிடம் நான்கு தொட்டிகள். ஆஸ்பத்திரி முழுவதும் கழுவி விட்ட தண்ணீர் முதலாவதில் வந்து விழும். இரண்டாவதில் காற்றை ஊதிக் கலக்குவோம். மூன்றாவதில் சேறு அடியில் தங்கித் தண்ணீர் தெளியும். நான்காவது சின்னது. உள்ளே நீலப் பெயிண்ட் அடித்து, அதில் பத்துப் பன்னிரண்டு ஆரஞ்சு நிற மீன்களை விட்டிருப்போம். அதைத் தாண்டிய தண்ணீர் மதிலுக்கு வெளியே ஓடையில் போய் விழும்.

அந்த மீன்கள் எதற்கு என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். மீன் துள்ளுகிறது என்றால் தண்ணீர் நல்ல தண்ணீர். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, மீனே சொல்லிவிடும். நாங்கள் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: மீன்கள் சாகும். வாரத்துக்கு இரண்டு மூன்று வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். காலையில் வந்ததும் அவற்றை வலையால் அள்ளிக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு, பொள்ளாச்சியில் வாங்கிவந்து வாளியில் வைத்திருக்கும் புதிய மீன்களை விடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் இதையேதான் செய்தார். இது பொய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பம்புக்கு எண்ணெய் விடுவது போல இதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான்.

அந்த ஓடை எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். கணவனுக்குப் பொள்ளாச்சியில் கொப்பரைக் களத்தில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு சிந்து மாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்கேட்டுக்கு வருவாள்.

"ஏனுங்ணா, புள்ளைங்க மீன் பாக்கோணுமுன்னு ஒரே அழுகை. சித்த உள்ள உடுங்."

நான் பெரிய மனுசன் மாதிரி கேட்டைத் திறந்துவிடுவேன். பிள்ளைகள் தொட்டி விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பார்க்கும். சின்னது ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருந்தது. போன வாரம் பார்த்த மீன் இதில்லை என்று அதற்கு எப்படித் தெரியும்?

"ஆசுபத்திரி தண்ணின்னு எல்லாரும் மொகஞ்சுளிக்கறாங்கண்ணா. மீனே பொழைக்குதுன்னா அப்பறம் அந்தத் தண்ணிக்கு என்னங் கேடு?" என்பாள். "அப்படிச் சொல்லு அம்மணி" என்பேன். அதற்குப் பிறகுதான் அவள் தன் மாட்டை ஓடையோரத்தில் கட்ட ஆரம்பித்தாள். அங்கே புல்லும் உண்டு, குடிக்கத் தண்ணீரும் உண்டு. நான் தினமும் சைக்கிளில் அதைத் தாண்டித்தான் போவேன்.

போன வருடம் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்தாள். ஊர் ஒற்றப்பாலம் பக்கம். மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். என்னைச் சேட்டா என்பாள். காளானை வைத்து ஆஸ்பத்திரித் தண்ணீரில் இருக்கும் மருந்தை எடுக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனம்மணி, நாங்க மோட்டாரும் ஊதியும் வெச்சு எட்டு வருசமா சுத்தம் பண்ணிட்டிருக்கறோம். அப்ப அதெல்லாம் வெட்டி வேலைங்களா?"

"அழுக்கு போகும் சேட்டா. மருந்து போகாது," என்றாள். "நம்ம திங்கற குளிகை முழுசும் உடம்புல தங்காது. பாதி மூத்திரத்துல வெளிய வந்துரும். ஒரு ஆஸ்பத்திரியில எத்தனை பேரு, எத்தனை மருந்து! அது உங்க நாலு தொட்டியும் தாண்டி அப்படியே போகுது. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது."

"அதக் காளான் தின்னுப்போடுமாக்கும்?"

"காளான் மரத்தையே தின்னும் சேட்டா. மரத்தை உடைக்க அது ஒரு நீரை விடும். அந்த நீரு மருந்தையும் உடைக்கும்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. எட்டு வருடமாக என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பற்றி யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. சொன்ன அன்றாவது மாடு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நான்கு நீல ட்ரம்கள் வந்து இறங்கின. அவற்றில் வைக்கோலும் ரப்பர் மரத்தூளும் கலந்து, அதில் சிப்பிக் காளானைப் படரவிட்டு, மூன்றாவது தொட்டியின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மேலிருந்து விடுவது ஏற்பாடு. அதற்கு நன்றாக வெள்ளை படர்ந்த காளான் படுக்கைகள் வேண்டும். எங்கே கிடைக்கும் என்று அவள் கேட்டபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன், எங்கள் தெருவிலேயே ஒரு ஆள் இருக்கிறது என்று.

மூன்றாவது வீட்டுக்காரி அப்போது விவசாய ஆபீஸில் பயிற்சி எடுத்து, வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை கட்டிக் காளான் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டுப் பெண்கள் சேர்ந்த குழு. பொள்ளாச்சியில் ஒரு ஓட்டலுக்கும் கொழிஞ்சாம்பாறை சந்தைக்கும் போகும். ஆராய்ச்சிப் பெண் வந்து கொட்டகையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டால்தான் வீட்டுக்காரி யாரையும் உள்ளே விடுவாள். என்னையும் வாசலிலேயே நிறுத்தினாள். "உங்க கால்ல ஊர்ப்பட்ட அழுக்கு இருக்குமுங்ணா, நீங்க அங்கயே நில்லுங்" என்று கேலி வேறு. ஆராய்ச்சிப் பெண் வெளியே வந்ததும், "ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர் கூட இவ்வளவு வெடிப்பா இல்ல சேட்டா" என்றாள். வெடிப்பு என்றால் மலையாளத்தில் சுத்தம். எனக்கே பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

மூன்றாவது வீட்டுப் படுக்கைகளைப் போட்டதும் ட்ரம்கள் வேலை செய்தன. இரண்டு மாதத்தில் உள்ளே வெள்ளை வெளேரென்று பூஞ்சை பிடித்து, மழைக்குப் பிறகு மரத்தடியில் வருமே, அந்த வாசனை வர ஆரம்பித்தது. ஆராய்ச்சிப் பெண் வெள்ளிக்கிழமைதோறும் வந்து, ட்ரம்முக்கு முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துப் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வலி மாத்திரை மருந்து பாதிக்கு மேல் குறைந்திருக்கிறதாம். அன்று சாயங்காலம் மூன்றாவது வீட்டில் பாயசம் வைத்து எங்களுக்கும் ஒரு தூக்குப் போசி நிறையக் கொடுத்துவிட்டார்கள்.

ஆராய்ச்சிப் பெண் எனக்குச் சொல்லி வைத்திருந்தது ஒரே ஒரு கண்டிப்பு. காளானுக்கு ப்ளீச்சிங் பவுடர் ஆகாது. தவிர்க்க முடியாமல் எப்போதாவது தொட்டியில் போட வேண்டி வந்தால், ட்ரம்முக்குப் போகும் வால்வை மூன்று நாள் மூடி வைத்து, அவளுக்குப் போன் செய்ய வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ட்ரம்மிலேயே ஒட்டியிருந்தாள்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாளில் மேனேஜர் கூப்பிட்டார். மறுநாள் ஆய்வுக்கு ஆள் வருகிறது, எல்லாம் க்ளீனாக இருக்க வேண்டும். அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஆய்வு என்றால் என்ன செய்வது என்று என் கைக்கே தெரியும். மீன்களை எடுத்து போர்த்தண்ணீர் வாளியில் விடுவேன். மூன்றாவது தொட்டியில் நாற்றம் போகிற அளவுக்கு ப்ளீச்சிங்கைக் கரைத்து ஊற்றுவேன். மறுநாள் ஆபீசர்கள் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது கடைசித் தொட்டியைப் புதுத் தண்ணீரால் நிரப்பி மீன்களைத் திரும்ப விடுவேன். அவை அந்த ஒரு மணி நேரம் துள்ளினால் போதும்.

அன்றும் அப்படியே செய்தேன். ட்ரம் வால்வை மட்டும் முதலில் மூடினேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. போன் மட்டும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். செய்தால் அவள் கேட்பாள்: எதுக்கு சேட்டா ப்ளீச்சிங்? நான் சொல்ல வேண்டியிருக்கும்: நாற்றத்தை மறைக்க. மீன் எப்படி சேட்டா சாகலை? அதையும் சொல்ல வேண்டியிருக்கும். என் கையைப் பிடித்துக் குலுக்கிய பெண்ணிடம் நான் இப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்கப் போய்த்தான் வெட்கங்கெட்ட வேலையைச் செய்தேன்.

ஆபீசர்கள் வந்தார்கள், மீனைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். மேனேஜர் என் தோளில் தட்டினார். மூன்று மணி இருக்கும். ட்ரம் பக்கம் போனால், உள்ளே போகும் தண்ணீரை அளக்கும் மீட்டர் நேற்றுக் காட்டிய இடத்திலேயே நிற்கிறது. மூன்று நாள் இப்படியே நின்றால் வெள்ளிக்கிழமை வருகிறவள் முதலில் பார்ப்பது அதைத்தான். தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தேன். லேசாகத்தான் அடித்தது. இவ்வளவு தண்ணீரில் அது என்ன பண்ணிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வால்வைத் திறந்தேன். பதிவுப் புத்தகத்தில் அந்த இரண்டு நாளுக்கும் 'சாதாரணம்' என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளை மஞ்சளாகியிருந்தது. அதற்கடுத்த வாரம் நான்கு ட்ரம்மிலும் பச்சை பூத்துவிட்டது. காளான் போடுகிறவர்களுக்குப் பச்சைப் பூசணம் என்றால் அம்மை மாதிரி, பெயரைச் சொல்லவே பயப்படுவார்கள். ஒரு கொட்டகையில் வந்தது என்று தெரிந்தால் அங்கிருந்து யாரும் ஒரு பிடி வைக்கோல் கூட வாங்க மாட்டார்கள்.

ஆராய்ச்சிப் பெண் ட்ரம்முக்குள் கையை விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "எந்தா சேட்டா பற்றியது?" என்றாள். என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்கிறாள். "தெரியலீங்களே அம்மணி" என்றேன். அவள் பதிவுப் புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் பார்த்தாள். எல்லாம் சாதாரணம். தண்ணீரில் குறை இல்லை என்றால் குறை படுக்கையில்தான். அவள் அப்படித்தான் நினைக்க முடியும். என் கையெழுத்தை நம்பினால் வேறு வழியே கிடையாது.

மேனேஜர் அறைக்கு மூன்றாவது வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பாராட்டக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள் போல. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வைக்கோலை எவ்வளவு நேரம் வேகவைத்தாய், விதை எங்கே வாங்கினாய், கொட்டகையில் இதற்கு முன்னால் பச்சை வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். போகப் போகக் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமுங். எங்க கொட்டாயி எப்படியிருக்குமுன்னு அண்ணனக் கேளுங்."

மேனேஜரும் ஆராய்ச்சிப் பெண்ணும் என்னைப் பார்த்தார்கள். மூன்று பேருமே எனக்காகக் காத்திருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். கொட்டகையில் குறையில்லை, ப்ளீச்சிங் போட்டது நான். வாய் வரைக்கும் வந்தது. மேனேஜரின் மேசைமேல் என் பதிவுப் புத்தகம் கிடந்தது.

"சுத்தமாத்தானுங்க வெச்சிருக்கும்," என்றேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மழக்காலம் பாருங்க. கொஞ்சம் ஈரம் இருக்குமுங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் எந்தக் கொட்டகையிலும் ஈரம் இருக்கும். காளானுக்கே ஈரம் வேண்டும். அந்த அறையில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆராய்ச்சிப் பெண் நோட்டில் ஏதோ எழுதினாள். மூன்றாவது வீட்டுக்காரி என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொன்னது சரியாக இருக்குமோ என்று யோசிக்கிற முகம் அது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, பழியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் வேண்டுமல்லவா. அந்த ஆள் நான்.

விஷயம் சந்தைக்குப் போக ஒரு வாரம் கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் பஸ் தாமதமாக வரும், வதந்தி சரியான நேரத்துக்கு வந்துவிடும். 'அந்தம்மா கொட்டாயில பச்ச பூத்துருச்சாமா' என்றார்கள். 'அது ஆசுபத்திரிச் சாக்கடைக்குக் குடுத்த காளானாம்' என்றும் சேர்த்துக்கொண்டார்கள். பொள்ளாச்சி ஓட்டல்காரர், இந்தக் குழுவின் காளானே வேண்டாம் என்று எட்டுப் பேருடையதையும் நிறுத்திவிட்டார். மற்ற ஏழு பெண்களும் அவள் வீட்டு வாசலில் வந்து பேசிய பேச்சு என் வீடு வரை கேட்டது. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஒரு மத்தியானம் அவள் ஆஸ்பத்திரியின் பின்கேட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் இல்லை. கையில் ஒரு மூடி போட்ட வாளி.

"ஏனுங்ணா, கொட்டாயெல்லாம் பிரிச்சுப்போட்டனுங். படுக்கையெல்லாம் எரிச்சாச்சு. இப்ப தரையக் கழுவோணும். ப்ளீச்சிங் பவுடரு எத்தன தண்ணிக்கு எத்தன போடோணுமுன்னு உங்களுக்குத்தானுங்ளே தெரியும்? சித்தச் சொல்லுங்."

அட கெரகமே! கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவருக்கு ரொம்பவும்தான் லொள்ளு. நான் எழுந்துபோய் மூலையிலிருந்த பீப்பாயைத் திறந்தேன். அன்று நான் அள்ளியது இதே பீப்பாயிலிருந்துதான். அவள் வாளியில் இரண்டு கை அள்ளிப் போட்டு, ஒரு குடத்துக்கு இவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்கு அளவு சுத்தமாகத் தெரியும். அவள் போகாமல் நின்றாள்.

"உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்ணா," என்றாள். "தப்பு எம்மேலதானுங். அன்னிக்கு வைக்கோல் வெந்துட்டிருக்கறப்ப சின்னவளுக்குக் காச்சலு. அழுதுட்டே கெடந்தா. நான் ஒரு கால் மணி நேரம் முந்தியே எறக்கிப்போட்டனுங். அப்பவே மனசுக்குள்ள உறுத்துச்சு. ஆபீசுல கேட்டப்ப முழுசா வேகவெச்சேன்னு சொல்லிப்போட்டேன். பொய் சொன்னா இப்படித்தானுங்ளே ஆகும்?"

பொய் சொன்னால் என்ன ஆகும் என்று அவள் என்னைக் கேட்கிறாள். கால் மணி நேரம்! அது ஒன்றும் செய்யாது, அந்தப் படுக்கைகள்தான் இரண்டு மாதம் வெள்ளை வெளேரென்று வேலை செய்தனவே. யாராவது நிதானமாக யோசித்தால் தெரியும். ஆனால் அவள் தன் தலையிலேயே தேடித் தேடி ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை என்னிடம் சொல்லி அழுதாள். நான் என்ன செய்தேன்? "உடு அம்மணி, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். ஆறுதல் சொன்னேன்! தன் மேலேயே காறித் துப்பிக்கொள்ள ஒரு மனிதனால் முடியுமென்றால் நான் அன்று துப்பியிருக்க வேண்டும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அங்கன்வாடியில் குழுக் கூட்டம் என்று என் மனைவி வந்து சொன்னாள். மூன்றாவது வீட்டுக்காரி எல்லோருக்கும் முன்னால் நின்று, தப்பு என் ஒருத்தி மேல்தான், என்னைக் குழுவை விட்டு எடுத்துவிடுங்கள், ஓட்டல்காரரிடம் அதைச் சொல்லி மற்றவர்கள் காளானைக் கொடுங்கள் என்று சொல்லப் போகிறாளாம். "எத்தன நல்ல மனசு பாருங்க" என்றாள் மனைவி. இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவள் ஓடையோரத்தில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாடு தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குப் போக வேண்டுமே என்று ஏற்கெனவே தலை வாரி, பூ வைத்திருந்தாள்.

"வாங்ணா, என்ன இந்தப் பக்கம்?"

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது ஒன்றும் நினைவில் இல்லை. "உன்ற காளான்ல ஒண்ணுமில்ல அம்மணி" என்றேன். "ப்ளீச்சிங் போட்டது நானு." அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஆய்வு, வால்வு, மீட்டர், புத்தகத்தில் எழுதியது எல்லாம் சொன்னேன். ஈரம் இருக்கும் என்று சொன்னதையும் சொன்னேன், அதை அவளே காதால் கேட்டிருந்தாலும். கால் மணி நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவள் கையிலிருந்த தேங்காய் நாரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ப்ளீச்சிங்கு போட்டா காளானே செத்துப்போச்சுங்ளே. மீனு எப்படிப் பொழைச்சுது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்து வரவில்லை.

"வாளில எடுத்து வெச்சிருந்தேன்," என்றேன்.

"அன்னிக்கு மட்டுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். எட்டு வருடப் பழக்கம், நாக்குக்குப் புரண்டு கொடுக்கத் தெரியும். "இல்ல," என்றேன். "எப்பவுமே மாத்தி மாத்தி உடறதுதான். செத்தத எடுத்துப்போட்டு வேற உடுவேன். அந்தத் தண்ணியில ஒரு மீனும் ரொம்ப நாள் இருந்ததில்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாட்டைப் பார்த்தாள். "இந்தப் பாலத்தானுங் எம்புள்ளைங்க ரெண்டும் குடிக்குது," என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். பிறகு முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்து, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள். தாகம் தீராத மாடு வர மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு போனாள். போகும்போதே, "அங்கன்வாடிக்கு வந்து சொல்லுங். பதினோரு மணிக்கு" என்றாள்.

போனேன். குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலிகளில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அ, ஆ படங்கள். அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். ஒரு அம்மா, "இத்தன நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். திங்கட்கிழமை ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் வந்து புத்தகத்தில் அந்த இரண்டு நாள் வரிகளையும் என் கையாலேயே அடித்து எழுதவைத்தாள். "சேட்டா, ஒரு போன் போதுமாயிருந்தது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேனேஜர் அவளை விட நீளமாகப் பேசினார், மலையாளத்தில் எனக்குத் தெரியாத சில வார்த்தைகளும் அதில் இருந்தன. வேலை போகவில்லை. இந்த வேலைக்கு வேறு ஆள் வராது என்று அவருக்கும் தெரியும்.

ஓட்டல்காரர் இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்க ஆரம்பித்தார். ட்ரம்களில் மறுபடி வெள்ளை படர்ந்திருக்கிறது. படுக்கை அதே குழுவிடமிருந்துதான் வருகிறது, ஆனால் வேறு பெண் கொண்டுவந்து கொடுக்கிறாள். கடைசித் தொட்டியில் இப்போது மீன் இல்லை. மேனேஜர் கேட்டபோது, "செத்துப்போச்சுங்க" என்றேன். "புதுசு வாங்கி விடு" என்றார். "அதுவும் சாகுமுங்க" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

மருந்து முழுவதும் போய்விடுகிறதா என்று ஆராய்ச்சிப் பெண்ணைக் கேட்டேன். இல்லை, குறைகிறது என்றாள். நான்கு ட்ரம் வழியாகப் போவது கொஞ்சம் தண்ணீர்தான், மிச்சமெல்லாம் பழைய வழியிலேயே ஓடைக்குப் போகிறது. மாடு அத்தனை நாள் குடித்ததில் ஏதாவது வந்திருக்குமா, பாலில் இறங்கியிருக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமில்லை.

இப்போது மூன்றாவது வீட்டு மாட்டை ரோட்டோரத்துப் போர்க்குழாய்க்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். அங்கே புல் இல்லை. காலையும் மாலையும் அவள் குடத்தில் பிடித்துப் பிடித்துத் தொட்டியில் ஊற்றுகிறாள். ஒருநாள் சைக்கிளை நிறுத்திக் குடத்துக்குக் கை நீட்டினேன். "பரவால்லீங், நான் பாத்துக்கறனுங்" என்றாள். மரியாதைக்குக் குறைவில்லை. அண்ணா மட்டும் வரவில்லை. சின்னவள் ஒரு முறை ஓடிவந்து, "மாமா, மீனெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அதைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

மாட்டுக்கு இதெல்லாம் தெரியாது. நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அதை அவிழ்த்து நடத்தினால், பழக்கத்தில் ஓடைப் பக்கமே இழுக்கிறது. அவள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் தாண்டிப் போகும் வரை வேறு பக்கம் பார்த்து நிற்கிறாள்.